உஷார்! கொதிக்க வைத்தாலும் போகாது

வலிகாமத்தில் கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் ஆறுதலாக வாசிக்கலாம்.

பால்மாவைக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிறீர்களா? அந்தக் கிணற்றில் நைத்திரேற்று எவ்வளவு இருக்கிறது என்று யாராவது பரிசோதித்துச் சொன்னார்களா? இல்லையென்றால், தெரியவரும்வரை அந்தத் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். "கொதிக்க வைச்சு ஆறவிட்டுத்தானே குடுக்கிறம்" என்று சொல்வீர்கள். அந்த நம்பிக்கைதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்றுக்கு ஒன்றும் ஆகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய, பானையில் மிஞ்சிய தண்ணீரில் அதன் செறிவு கூடத்தான் செய்யும். குளோரின் போட்டாலும் போகாது. வீட்டில் வைத்திருக்கும் சாதாரண வடிகட்டியிலும் போகாது. ருசி இல்லை, மணம் இல்லை, நிறம் இல்லை. கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்த்தால் பளிங்காகத்தான் தெரியும்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் வயிற்றில் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கிற ஈமோகுளோபினைச் சுமக்க முடியாமல் பண்ணிவிடுகிறது. உதடும் நகமும் நீலம் பாரிக்கும். 1945 இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹன்டர் கொம்லி என்ற மருத்துவர் இதைக் கண்டு எழுதினார். பண்ணை வீடுகளிலிருந்து நீலம் பாரித்து வந்த குழந்தைகளுக்கு இருதயத்தில் கோளாறு எதுவும் இல்லை. கோளாறு வீட்டுக் கிணற்றில் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நைத்திரேற்றுக்கு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருப்பதும் புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளை மனதில் வைத்துத்தான். பெரியவர்கள் தங்களுக்கு ஒன்றுமில்லை என்று இருந்துவிடவும் முடியாது. உடலுக்குள் நைத்திரோசோச் சேர்வைகள் உண்டாகக்கூடிய நிலையில் உட்கொள்ளப்படும் நைத்திரேற்றை, மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2010 இல் வகைப்படுத்தியிருக்கிறது.

இது எங்கோ நடக்கும் கதை என்று நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று எல்லை தாண்டியிருப்பதை 1980களிலேயே ஆய்வுகள் எழுதிவிட்டன. திருநெல்வேலி, கோண்டாவில் பக்கம் பிறகு நடந்த ஆய்வுகளும் அதையே சொன்னன. தோட்டச் செய்கை எங்கே நெருக்கமோ அங்கே அளவு கூட. யாழ்ப்பாண நகரத்துக்குக் குழாயில் போகும் தண்ணீரின் ஊற்றுக் கிணறுகளும் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. நாற்பது வருடமாக அறிக்கை இருக்கிறது. ஆனால், உங்கள் வீட்டுக் கிணற்றின் அளவு என்னவென்று கேட்டால் பத்து வீட்டில் ஒரு வீட்டுக்காவது பதில் தெரியுமா?

விஞ்ஞானம் எங்களுக்குக் கெடுதல் செய்துவிட்டது என்று அழுவதற்காக நான் இதை எழுதவில்லை. விஞ்ஞானத்தில் பாதியை மட்டும்தான் நாங்கள் வளவுக்குள் கொண்டுவந்தோம் என்பதுதான் என் முறைப்பாடு. இறைக்கிற, விளைவிக்கிற, எரிக்கிற, துளைக்கிற பாதி வந்தது. அளக்கிற பாதி பல்கலைக்கழக அலுமாரியிலும் திணைக்களக் கோப்பிலும் நின்றுவிட்டது. இந்தப் பிரிவினை வேறு ஊரில் பொறுத்துப் போகலாம். இந்த மண்ணில் பொறுக்காது. ஏன் என்று சொல்கிறேன்.

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கியாறு மழைக்கு ஓடி, மழை விட்டால் காய்ந்துவிடும். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்கிற மழைதான் வருடம் முழுவதற்குமான வரவு. அது செம்பாட்டு மண்ணால் இறங்கி, அடியில் இருக்கும் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் சேர்கிறது. மணல் நிலமென்றால் தண்ணீர் ஊர்ந்து வடிந்து ஓரளவு துப்புரவாகும். சுண்ணக்கல்லில் அந்த வசதி இல்லை. மேலே ஊற்றியது வெடிப்பு வழியே நேராகக் கீழே போகிறது. அங்கே ஓரிடத்தில் நிற்காமல் பக்கத்து வளவுக்கும் பக்கத்து ஊருக்கும் போகிறது. கீரிமலையில் கடலோரமாக நன்னீர் ஊற்றெடுப்பதைப் பார்த்தவர்களுக்கு, நிலத்துக்குள் தண்ணீர் எவ்வளவு தூரம் நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

அந்த நன்னீருக்குக் கீழே இருப்பது கடல். நன்னீர் உப்புநீரைவிடப் பாரம் குறைந்தது. அதனால் பாலின் மேல் ஆடை நிற்பதுபோல, உப்புநீரின் மேல் மெல்லிசாக நிற்கிறது. புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணற்றுக்குப் போகிறவர்கள், இராமர் அம்பு விட்ட இடம், அடியே காண முடியாது என்று கதை கேட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். கேட்க வேண்டிய சங்கதி வேறு. அந்தக் கிணற்றில் மேலே இருப்பது நல்ல தண்ணீர், ஆழத்தில் இருப்பது உப்பு. எங்கள் எல்லாருடைய வீட்டுக்குக் கீழேயும் இருக்கிற நிலைமையை அந்தக் கிணறு திறந்து காட்டுகிறது.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒல்லாந்தர் ஒருவரும் ஜேர்மானியர் ஒருவரும், கைபன், ஹேர்ஸ்பேர்க் என்று பெயர், நூறு வருடத்துக்கு முன்பே தனித்தனியாகக் கண்டுபிடித்தது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். நல்ல செய்திதான். ஆனால், இதைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஓர் அடியை இறைத்து இறக்கினால், கீழே 40 அடி உப்பு ஏறி வரப் பார்க்கும். கிணற்றில் தண்ணீர் மட்டம் கொஞ்சம்தான் இறங்கியிருக்கிறது என்று சமாதானம் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். ஏறிய உப்பை மறுபடி கீழே தள்ளுவதற்கு ஒரு மாரி போதாது. பல மாரி வேண்டும். அந்த மாரிகளில் இறைப்பையும் குறைக்க வேண்டும்.

துலா இருந்த காலத்தில் இந்தக் கணக்கு தெரியாமலே கணக்குச் சரியாக இருந்தது. துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடக்க ஆள், பட்டையைப் பிடித்து ஊற்ற ஆள், பாத்தி மாற ஒரு ஆள். விடியப் புறத்தில் தொடங்கினால் வெயில் ஏற ஆட்கள் களைத்துவிடுவார்கள். ஆள் களைக்கும்போது கிணறும் ஓய்ந்தது. பங்குக் கிணறென்றால் இன்றைக்கு யாருடைய முறை, நாளைக்கு யாருடைய முறை என்று ஊரே சொல்லும். அந்த உழைப்பின் கொடுமையை நான் போற்றவில்லை. துலா மிதித்துக் காலொடிந்தவர்களின் பிள்ளைகள் மெசினைக் கண்டு கும்பிட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால், மெசின் களைக்காது. 1950களுக்குப் பிறகு மண்ணெண்ணெய் மெசின் ஒவ்வொரு தோட்டமாக வந்து, பிறகு மின்மோட்டர் வந்து, பிறகு குழாய்க் கிணறும் வந்தது. எங்கே நிறுத்துவது என்று சொல்ல ஆளும் இல்லை, அளவுகோலும் இல்லை. குழாய்க் கிணறு துளைக்கிறவர் 'தண்ணி வரும்வரைக்கும்' என்கிறார். வலிகாமத்தில் நல்ல தண்ணீருக்குக் கீழே எத்தனையாவது அடியில் உப்பு காத்திருக்கிறது என்பது அவருடைய பில்லில் எழுதப்படுவதில்லை.

அடுத்தது பசளை. 1970 இல் வந்த சிறிமாவோ அரசு மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியைத் தடுத்தது. யாழ்ப்பாணக் கமக்காரருக்கு அது பொற்காலம். கொழும்புச் சந்தை வடக்கைப் பார்த்து நின்றது. அந்தக் காசில் கல்வீடு எழும்பியது, பிள்ளைகள் படித்தார்கள், கொழுத்த சீதனங்கள் கொடுபட்டன. செம்பாட்டு மண்ணில் போகத்துக்குப் போகம் இடைவெளி விடாமல் பயிர் நின்றது. இடைவெளி விடாத நிலத்துக்கு மாட்டெருவும் குழையும் போதாது என்று யூரியா வந்தது. வந்த யூரியா குறையவே இல்லை. 1977 இல் சந்தையைத் திறந்துவிட்ட பிறகு விலை விழுந்தது. விலை விழுந்தபோது, கூட விளைவித்தால்தான் கட்டும் என்று பசளை இன்னும் கூடியது. 1990களில் பொருளாதாரத் தடை வந்து எண்ணெயும் யூரியாவும் நின்றபோது சனங்கள் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். அதனால் தடை நீங்கியதும் இரண்டு கையாலும் அள்ளிப் போட்டோம். ஒருமுறை பறிகொடுத்தவனுக்கு மறுபடி கிடைத்தால் அளவு தெரியாது. அதை நான் குற்றமாகச் சொல்லமாட்டேன். குற்றம், அளவைச் சொல்லிக் கொடுக்க யாரும் கமக்காரரின் வரம்புக்கு வராததில்.

யூரியா மண்ணில் விழுந்ததும் நுண்ணுயிர்கள் அதை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. பயிருக்கு வேண்டியது அதுதான். பயிர் எடுத்தது போக மிஞ்சியதை மண் பிடித்து வைத்திருக்காது. நைத்திரேற்று தண்ணீரோடு சேர்ந்தே ஓடும். நீங்கள் அடுத்த இறைப்பு இறைக்கும்போது அது கீழே போகிறது. போய், நீங்கள் இறைக்கிற அதே கிணற்றுக்கு வருகிறது. மறுபடி இறைக்கிறீர்கள், மறுபடி பசளை போடுகிறீர்கள், மறுபடி கீழே போகிறது. வெளியே கொண்டுபோக ஆறு இல்லாத ஊரில் இந்தச் சுற்று வருடாவருடம் இறுகுகிறது.

இதில் கமக்காரருக்கு நட்டமும் இருக்கிறது, அதை யாரும் அவருக்குச் சொல்வதில்லை. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். லீற்றருக்கு 100 மில்லிகிராம் நைத்திரேற்று உள்ள கிணறு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீரை ஒரு ஏக்கர் தோட்டத்துக்கு ஒரு போகத்தில் மொத்தம் 500 மில்லிமீற்றர் உயரத்துக்கு இறைத்தால், தண்ணீரோடு சேர்ந்து ஏறத்தாழ 45 கிலோ நைதரசன் தோட்டத்துக்குப் போய்ச் சேர்கிறது. 100 கிலோ யூரியாவில் இருக்கும் நைதரசன் அது. இரண்டு மூடை! கடையில் கடனுக்கு வாங்கிய இரண்டு மூடையை, ஏற்கனவே இரண்டு மூடை கரைந்திருக்கிற தண்ணீரின் மேல் போடுகிறோம். கிணற்றை ஒருமுறை அளந்திருந்தால் அந்தக் காசு வீட்டில் நிற்கும். அளக்கிற விஞ்ஞானம் சுற்றாடல்காரரின் ஆடம்பரம் என்று நினைக்கிற பெரியவர்கள் தயவுசெய்து இந்த இரண்டு மூடையை நினைத்துப் பாருங்கள்.

பசளையை ஒரே நாளில் நிறுத்து என்று நான் சொல்லமாட்டேன். அப்படி நிறுத்தினால் என்ன நடக்கும் என்று இந்த நாடு 2021 இல் பார்த்தது. கோட்டாபய அரசு அந்த வருடம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடுத்து, நெல்லும் தேயிலையும் கமக்காரர் வயிறும் எரிந்த பிறகு நவம்பரில் பின்வாங்கியது. அதுவும் அளக்காமல் செய்த வேலைதான். அளக்காமல் அள்ளிப் போட்டதற்கு மருந்து, அளக்காமல் பறித்துக்கொள்வது அல்ல. மண்ணையும் தண்ணீரையும் பரிசோதித்து, பயிருக்கு வேண்டியதைப் பிரித்துப் பிரித்துப் போட்டு, மழைக்கு முன்தினம் யூரியா எறிவதை நிறுத்தினாலே கிணற்றுக்குப் போவது கணிசமாகக் குறையும்.

இனிச் சுன்னாகம். அங்கே நடந்ததை மறக்கத் தொடங்கிவிட்டோம் என்பதால் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

யுத்தம் முடிந்தபோது வடக்குக்கு மின்சாரம் அவசரமாக வேண்டியிருந்தது. மின்சார சபையின் பழைய நிலையம் இருந்த சுன்னாகத்தில் நொதேர்ன் பவர் என்ற தனியார் நிறுவனம் எண்ணெயில் இயங்கும் மின் உற்பத்தி நிலையத்தை நடத்தியது. வெளிச்சம் வந்தது. எல்லாரும் மகிழ்ந்தோம். கொஞ்ச வருடத்தில் சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. வாளியை இறக்கினால் வாளியில் எண்ணெய்ப் படலம். மல்லாகம், ஏழாலை, தெல்லிப்பழைப் பக்கம் வரை சனங்கள் பயந்தார்கள். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013 முடிவிலிருந்து 2014 நடுப்பகுதி வரை 150 கிணறுகளைப் பரிசோதித்தது. 109 இல் எண்ணெய் அளவுக்கு மேல் இருந்தது. நாலில் மூன்று கிணறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம். எண்ணெய் யாருடையது என்று இழுபறி. யுத்த காலத்தில் சேதமான பழைய தாங்கிகளிலிருந்து வந்ததா, புதிய நிலையத்தின் கழிவா? மாகாண சபை அமைத்த நிபுணர் குழு, நீர் வழங்கல் சபையின் முடிவோடு ஒத்துப்போகாத முடிவைச் சொன்னது. ஒரு நிபுணர் குடிக்கலாம் என்கிறார், இன்னொரு நிபுணர் குடிக்கக்கூடாது என்கிறார், நடுவில் தாய்மார் பௌசர் வண்டிக்கு வாளியோடு வரிசையில் நிற்கிறார்கள். நிலையம் தொடங்குவதற்கு முன்பே சுற்றியுள்ள கிணறுகளை அளந்து எழுதி வைத்திருந்தால், பின்னால் எவ்வளவு கூடியது, எப்போது கூடியது என்று ஒரு கிழமையில் சொல்லியிருக்கலாம். அந்த அடிப்படை அளவு இல்லாததால், தண்டிக்கப்பட வேண்டியவர்களுக்கு வாதாட நேரம் கிடைத்தது.

2015 தொடக்கத்தில் சனங்களின் போராட்டத்துக்கும் வழக்குக்கும் பிறகு மல்லாகம் நீதிவான் நீதிமன்றம் நிலையத்தின் இயக்கத்தை நிறுத்த உத்தரவிட்டது. கலாநிதி ரவீந்திர காரியவசம் தாக்கல் செய்த அடிப்படை உரிமை வழக்கில் 2019 ஏப்ரல் 4 ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சுன்னாகத்தின் மண்ணையும் நிலத்தடி நீரையும் மாசுபடுத்தியதற்கு நிறுவனமே பொறுப்பு, மாசுபடுத்தியவரே செலவு கட்ட வேண்டும் என்று, 2 கோடி ரூபாய் செலுத்தும்படி உத்தரவு வந்தது. இலங்கைச் சுற்றாடல் சட்டத்தில் முக்கியமான தீர்ப்பு அது. தென்னிலங்கையிலிருந்து ஒருவர் யாழ்ப்பாணத்துக் கிணறுகளுக்காக உயர் நீதிமன்றம் போனார் என்பதையும் நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனாலும் கேட்கிறேன், சுண்ணக்கல்லின் வெடிப்புக்குள் இறங்கிவிட்ட எண்ணெயை எந்தக் கோடி ரூபாய் வெளியே எடுக்கும்?

இன்னொன்றும் கவனியுங்கள். எண்ணெய் மிதந்தது, கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் தெருவில் இறங்கினோம். நைத்திரேற்று மிதக்காது. அதற்காக ஒரு ஊர்வலமும் போகவில்லை.

மலக்குழியிலிருந்து கசிவதும் மிதக்காது. யாழ்ப்பாண நகரத்தில் கழிவுநீரைக் குழாய் வழியே ஒன்றுசேர்த்துச் சுத்திகரிக்கும் முறை இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குழி, அதே வளவில் ஒரு கிணறு. ஐம்பது அடி இடைவெளி விட்டால் போதும் என்று பொதுவாகச் சொல்லுவார்கள். நாலு பரப்புக் காணியை இரண்டாகவும் மூன்றாகவும் பிரித்துச் சீதனம் எழுதிக் கொடுத்த பிறகு ஐம்பது அடிக்கு எங்கே போவது? உங்கள் குழி உங்கள் கிணற்றுக்கு ஐம்பது அடி தள்ளியிருக்கும், மதிலுக்கு அந்தப் பக்கத்துக் கிணற்றுக்குப் பதினைந்து அடிதான் இருக்கும். வெடிப்புள்ள சுண்ணக்கல்லில் ஐம்பது அடியும் உத்தரவாதம் இல்லை. மூன்று மாடி விடுதிகளும் மண்டபங்களும் கட்டுகிறவர்கள் அடியில் கொங்கிறீற் போட்டு அடைத்த தொட்டி கட்டுகிறார்களா, அடி திறந்த குழி வெட்டுகிறார்களா என்று உள்ளூராட்சி சபைகள் மூடுவதற்கு முன் பார்த்தே ஆக வேண்டும். மூடிய பிறகு பார்ப்பதில் பயனில்லை.

சுண்ணக்கல் விஷயத்தையும் சொல்லாமல் விடமுடியாது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 இல் தொடங்கி 1990 இல் யுத்தத்தால் நின்றுபோனது. எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட தொழிற்சாலை. அது தோண்டி விட்டுப்போன கிடங்குகள் இன்னும் கடலோரத்தில் வாய் பிளந்து கிடக்கின்றன. நன்னீரைப் பிடித்து வைத்திருக்கும் பாறையும் சீமெந்துக்கு எடுக்கும் பாறையும் ஒரே பாறைதான். அதை மறுபடி பெரிதாகத் தோண்ட வேண்டும் என்று யார் வந்து கேட்டாலும், வேலைவாய்ப்பு என்ற சொல்லைக் கேட்டு மயங்காமல், எத்தனை அடி ஆழம், கடல் மட்டத்துக்கு மேலா கீழா என்று முதலில் கேளுங்கள்.

"இனிப் பயமில்லை, கடல் தண்ணியைக் குடிதண்ணியாக்கிக் குழாயில் விடுறாங்கள்தானே" என்று இப்போது புதிதாக ஒரு நிம்மதி பரவியிருக்கிறது. இரணைமடுக் குளத்திலிருந்து தண்ணீர் கொண்டுவரும் திட்டத்துக்குக் கிளிநொச்சிக் கமக்காரர்கள் மறுப்புச் சொன்ன பிறகு, கடல்நீரைச் சுத்திகரிக்கும் திட்டம் வந்தது. வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கட்டிய நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் தண்ணீர் தரக்கூடியது. தாளையடிக் குழாய்த் தண்ணீர் வந்த வீடுகளில் கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரையே கொடுங்கள், நல்லது. இந்தத் திட்டத்தை நான் எதிர்க்கவில்லை. பயப்படுவது அதற்குப் பின்னால் வரும் மறதிக்கு. கடல்நீரில் ஒரு கனமீற்றர் நன்னீர் எடுக்க இந்த முறையில் 3 முதல் 4 அலகு மின்சாரம் போகும். மின்கட்டணம் ஏறினால் தண்ணீர்க் கட்டணமும் ஏறத்தான் வேண்டும். பிரித்தெடுத்த உப்புச்செறிவு கடலுக்கே திரும்பிப் போகிறது. அந்தக் கரையில் வலை வீசுகிறவர்கள் முதலிலேயே எழுப்பிய கேள்வி அது. கடலில் விடும் இடத்தின் உப்பளவு மாதாமாதம் அவர்கள் கண்ணுக்கு முன்னால் அளக்கப்பட்டு, மீனவர் சங்கத்தின் கையில் கொடுக்கப்பட வேண்டும். அதைவிடப் பெரிய சங்கதி, தாளையடித் தண்ணீரில் வெங்காயம் வளர்க்க முடியாது. தோட்டம் முழுவதும் இன்னும் கிணற்றில்தான் நிற்கிறது. குடிக்கக் குழாய் வந்துவிட்டதென்று கிணற்றைக் கழிவுக் கிடங்காக்கினால், குடாநாட்டில் கமம் என்ற தொழில் முடிந்தது.

இயற்கையின் கணக்கைப் படித்துவிட்டு வேலை செய்த விஞ்ஞானமும் இந்த மண்ணில் இருந்தது. நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950களில் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டம் கடலோடு சண்டை பிடிக்கப் பார்க்கவில்லை. கனகராயன் ஆற்றால் ஆனையிறவுக் களப்புக்கு வந்து, அங்கிருந்து கடலில் வீணாகும் மழைத் தண்ணீரைத் தேக்கி, முள்ளியான் கால்வாயால் வடமராட்சிக் களப்புக்குக் கொண்டுபோய், தொண்டைமானாற்றில் கடலை மறித்து, மழையின் உதவியோடு களப்புகளை வருடாவருடம் நன்னீராக்கி, நிலத்தடியை நிரப்புவது அவருடைய எண்ணம். கொஞ்சம் கட்டினார்கள், முடிக்கவில்லை, கட்டியதைப் பராமரிக்கவும் இல்லை. இன்றைக்கு அதைத் தொடர்வதென்றால் களப்பில் இறால் பிடித்து வாழ்கிறவர்களின் நிலைமையையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். அதை மறைத்துத் திட்டத்தைப் புகழ எனக்கு மனமில்லை. ஆனாலும் மழையை நிறுத்தி நிலத்துக்குள் இறக்குவதுதான் உப்பைக் கீழே தள்ளும் ஒரே வழி. பெரிய ஆறு வருமட்டும் காத்திருக்கத் தேவையில்லை. ஊர்க் குளங்களும் கேணிகளும் துரவுகளும் இருக்கின்றன. அவற்றைக் குப்பையால் நிரப்பிக் கடைத்தொகுதி கட்டுகிறவர்களை இப்போதே தடுக்க வேண்டும். வளவு முழுவதும் சீமெந்துக் கல் பதிக்கிறவர்கள் பாதியையாவது மண்ணாக விடுங்கள். கூரைத் தண்ணீரைத் தெரு வாய்க்காலுக்கு விடாமல், வளவுக்குள்ளேயே வடிகட்டி நிலத்தில் இறக்குங்கள்.

இந்த வருடம் செய்ய வேண்டியது இது. கோடை முடிகிற ஆவணி, புரட்டாதியில் ஒருமுறை தண்ணீரைப் பரிசோதியுங்கள். உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். மாரி பெய்து மண்ணிலிருந்ததெல்லாம் இறங்கிய பிறகு, மார்கழியிலோ தையிலோ இன்னொருமுறை. நைத்திரேற்று அப்போது பிடிபடும். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கேளுங்கள். சும்மா 'தண்ணியைப் பாருங்கோ' என்று கொடுக்காமல், நைத்திரேற்று, குளோரைட்டு, மின்கடத்துதிறன், ஈ.கோலி என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கிருமிப் பரிசோதனைக்கு அவர்கள் தரும் கிருமியற்ற போத்தலில்தான் எடுக்க வேண்டும். எண்ணெய்ச் சந்தேகம் இருந்தால் அதற்குத் தனியாகக் கண்ணாடிப் போத்தல். பிளாஸ்டிக்கில் எடுத்தால் எண்ணெய் போத்தலிலேயே ஒட்டிக்கொண்டு பெறுபேறு குறைத்துக் காட்டும். மோட்டரைச் சில நிமிடம் ஓடவிட்டுப் பிடித்து, வெயில் படாமல் குளிரில் வைத்து அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். பெறுபேற்றுத் தாளில் திகதியையும் கிணற்றில் அன்றைக்குத் தண்ணீர் நின்ற மட்டத்தையும் எழுதி, ஒரு பிரதியைக் கிணற்றில் பங்குள்ள ஒவ்வொரு வீட்டுக்கும், ஒன்றைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும், ஒன்றைப் பிரதேச சபைக்கும் கொடுத்து, கிடைத்ததென்று கையெழுத்து வாங்கி வையுங்கள். அடுத்த முறை யாராவது ஊருக்குள் எண்ணெய் எரிக்க வந்தால், நீதிமன்றத்தில் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.